கண்மணி இல்லாத பெண்கள்

கிண்ணத்துக்குள் இருந்த பெண்களில் ஒருத்திக்குக் கண்மணி வந்திருந்தது.

தோவா ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். தூசி இல்லை. சூளையில் சுட்டு இறுகிய மை. நகத்தால் சுரண்டியும் வரவில்லை.

எப்போதோ விற்றுப்போன கிண்ணம் அது; அசல்தான் என்று எழுதி வாங்க முந்தின நாள்தான் வியாபாரி ஹிராகா அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். "செஞ்சவரே பெட்டி மூடியில பேரு எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் எவனும் வாயத் தொறக்க மாட்டான் ஐயா" என்று தோவாவின் கணவரிடம் இளித்தான். தந்த நிறத்தில் அகலமான கிண்ணம். அதன் உட்புறம் முழுக்க, செர்ரிப் பூக்களுக்கடியில், அரிசிமணி அளவு முகங்களோடு நெருக்கியடித்து நிற்கும் பெண்கள். கூந்தலின் இழையும் இடைக்கச்சின் மடிப்பும்கூடத் தெரிந்தன, அத்தனை பேர் கண்களும் மட்டும் வெறும் வெள்ளையாக விடப்பட்டிருந்தன. அடியில் பொன்னெழுத்தில் அவள் கணவர் கென்சாபுரோவின் பெயர்.

வெளியே ஆனி மாதத்து மழை கியோட்டோவின் கூரைகளை ஓயாமல் நனைத்துக்கொண்டிருக்க, ஈரப் பாயின் வாடையும், பொன்பொடி குழைக்கக் காய்ச்சிய வஜ்ஜிரப் பசையின் வாடையும் பட்டறை முழுக்கத் தேங்கி நின்றன.

"இதுல யாருக்கும் கண்ணு வரையலேன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. முடிக்கறதுக்குள்ள அவளுக்குக் கண்ணு போயிடுச்சு." கென்சாபுரோ தேநீரை உறிஞ்சினார். "குருடிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பிட்டு இத அப்படியே வித்தேன். அதையும் புதுப் பாணின்னு தூக்கி வெச்சு ஆடினானுங்க."

அவள் என்றால் நுயி. அவருடைய மூத்த தாரம். கண் போய் வீடு திரும்பியவள் அந்தப் பனிக்காலத்திலேயே கிணற்றில் விழுந்து செத்தாள். கென்சாபுரோவுக்குக் கை நடுக்கம். பெயர் எழுதுவதோடு சரி. நுயி தீட்டிய இடத்தில் இப்போது தோவா உட்கார்ந்து தீட்டுகிறாள். கண்ணோரம் மங்குகிறது என்று அவள் சொன்னபோது, "கையிலிருக்கற வேலைய முடி, அப்புறம் பாக்கலாம்" என்றிருந்தார்.

கிண்ணத்தைத் திரும்பப் பார்த்தாள். நான்கைந்து பேருக்கு வந்திருந்தது. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. அவர் பக்கம்.

கென்சாபுரோ கோப்பையைத் தட்டில் வைக்கப் போய்ப் பாயில் கவிழ்த்தார். "ச்சே, என்ன இப்படி இருட்டிக்கிட்டு வருது?"

"மழை" என்றாள் தோவா.

அவர் பார்வை கிண்ணத்துக்குள் போய்க்கொண்டிருப்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கிண்ணத்தைத் தூக்கி முற்றத்துக் கல்லில் அடித்திருக்கலாம். ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. கவிழ்ந்த கோப்பையை நிமிர்த்தி அவருக்கு இன்னொரு தேநீர் ஊற்றினாள். ஊற்றும்போது கிண்ணத்துக்குள் மணல் சரிவதுபோல் மெல்லிய சத்தம், அடுத்தடுத்து, விடாமல்.

மழை நின்றது. மேகம் விலகிப் பட்டறைக்குள் வெயில் பளீரென்று விழுந்தது.

"விளக்க ஏத்துடி."

தோவா திரும்பினாள்.

கிண்ணம் நிறையக் கண்கள். கறுப்பாய். ஈரமாய்.

கென்சாபுரோவின் கண்களில் ஒன்றுமில்லை. வெள்ளை. வழவழப்பான, தீட்டாத பீங்கான்.

அவர் கை நீட்டினார். தடவவே இல்லை, நேராக அவளுடைய மெல்லிய தூரிகையை எடுத்தார். மையில் தோய்த்தார். விளிம்பில் வழித்தார். தன் இடது இமையை விரலால் விரித்துப் பிடித்தார்.

தீட்டினார்.

கை நடுங்கவில்லை. ஒரே இழுப்பில் வட்டம். உள்ளே ஒரு புள்ளி. பிறகு வலது கண். அத்தனை நுட்பமாக அவர் ஒருநாளும் தீட்டியதில்லை.

கன்னத்தில் மை வழிந்தது. தீட்டிய கண்கள் மெல்ல அசைந்தன. அவளைக் கண்டன.

"கிட்ட வா, தங்கச்சி" என்றது அவர் வாய், ஒரு பெண்ணின் குரலில்.

தூரிகை மறுபடி மையில் தோய்ந்தது.