அப்பா கிளம்பிய காலை

சட்டை நீலமாக இருந்தது. நேற்று வரை வெள்ளை.

எழிலரசி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். எட்டு மாதத்துக்கு முன் ஃப்ரீவே விபத்தில் போய்விட்ட கணவன் திருமூர்த்தி, அன்று காலை போட்டிருந்த சட்டை அது; அவள் ஞாபகத்தில் நிறம் மாறியிருந்தது. அந்தக் காலையில் ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது என்றுதான், அமெரிக்காவில், டப்ளினில் இருக்கும் இந்த வீட்டில் தினமும் நாலு மணிக்கு, ஸ்கூல் விட்டு வந்த அனன்யாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அம்மாவும் மகளுமாக அதை ஒப்பித்தார்கள். ஈரோட்டில் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பித்து வளர்ந்தவள் எழில். மனப்பாடம் செய்ததை யாரும் பிடுங்க முடியாது என்று நம்பினாள், பாவம். ஏழு வயசுக் குழந்தைக்கு அப்பா முகம் மறந்துவிடக் கூடாதே.

தோசை கருகும் வாசனை, டிஷ்வாஷரின் முனகல், சாவிக்கொத்துச் சத்தம், கராஜ் கதவருகே குனிந்து ஷூ போடும் முதுகு, நிமிர்ந்து திரும்பி ஒரு சிரிப்பு, "போயிட்டு வர்றேன்." இதுதான் பாடம்.

மூளை ஆராய்ச்சி லேபில் வேலை பார்க்கும் தோழி பிரீத்தியிடம் போனில் சட்டையைப் பற்றிச் சொன்னாள்.

"டெய்லி ஒப்பிக்கிறியா? ஐயோ எழில். ஒவ்வொரு தடவ ஞாபகப்படுத்தும்போதும் மூளை அத வெளிய எடுத்து, புதுசா எழுதித்தான் திரும்ப உள்ள வைக்கும். எழுதுறப்ப மாறும். கொஞ்ச நாள் தொடாம விடு."

விடத்தான் பார்த்தாள். ஊறிப்போன பாடம் கூப்பிடாமலே வந்தது. டிஷ்வாஷர் முனகினால் போதும். செவ்வாய்க்கிழமை தோசை வாசனைக்குப் பதில் பெட்ரோல் வாசனை அடித்தது. புதன்கிழமை அவன் "போறேன்" என்றான். கிளம்புகிறவர் வாயில் வரக் கூடாத சொல். அன்று முழுக்க அழுதாள். வியாழக்கிழமை அவன் நிமிரவே இல்லை.

வெள்ளிக்கிழமை திரும்பினான்.

முகம் இல்லை. ரப்பர் வைத்துத் தேய்த்த நோட்டுத்தாள்.

ஓடினாள். ஹால். மாலை போட்ட போட்டோ. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். மீசை வைத்த ஓர் ஆள் சிரித்துக்கொண்டிருந்தார்.

யார் இது?

"அனன்யா! இங்க வா சாமி. இது அப்பாதானே?"

குழந்தை எட்டிப் பார்த்தாள். "நோ அம்மா. யாரோ அங்கிள்."

"நல்லாப் பாரு."

"அப்பாக்கு ஃபேஸ் கிடையாதே. நீதான சொல்லிக்குடுத்தே? எவ்ரிடே."

எப்போது? எப்போது சொன்னேன்?

இந்த முறை அவனைக் கொன்றது தான்தான் என்று எழிலுக்குத் தெரிந்தது. குழந்தையையும் கூட வைத்துக்கொண்டு.

மணி நாலு. சமையலறையில் டிஷ்வாஷர் முனக ஆரம்பித்தது. பெட்ரோல் வாசனை. அனன்யா கராஜ் கதவுப் பக்கம் திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. கீழே, ஷூ வைக்கும் இடத்தில் பதிந்திருந்த குழந்தையின் கண்கள் மெல்ல உயர்ந்தன. கதவின் பாதி வரை. அதற்கும் மேலே. ஓர் ஆள் நிமிரும் உயரத்துக்கு.

பிறகு சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.