தொண்ணூற்றில் ஒரு நடுக்கம்

இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றி, சமன்செய்யும் கருவியில் சுழலவிட்டு, இருபுறமும் சுழியம் காட்டும்வரை ஈயத்துண்டுகளைப் பொறுமையாக ஒட்டியிருந்தும், வேகமுள் தொண்ணூற்றைத் தொட்டவுடன் ஸ்டீயரிங் மீண்டும் நடுங்கத் தொடங்கியதை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்கால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை.

பின்னிருக்கையில் அவருடைய அக்கா நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி அமர்ந்திருந்தார். மறுநாள் காலை இதே வண்டியில், இதே நெடுஞ்சாலையில், இரண்டு மணி நேரம் சென்று அவர் மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர வேண்டும். பழைய வண்டிதான் என்றாலும் தாராளமாக வாங்கலாம் என்று அவரிடம் சொன்னவர் மெக்கானிக்தான்.

“சீட்டு அதிருதாக்கா?”

“இல்லடா. உள்ள இருக்கிறவன் உதைக்கிறதுதான் அதிருது.”

சீட்டு அதிர்ந்தால் கோளாறு பின்சக்கரத்தில் என்று கொள்ளலாம், அதிரவில்லை. பிரேக்கை மெல்ல மிதித்தார். நடுக்கம் கூடவில்லை, ஆகவே பிரேக் டிஸ்க்கும் நேராகவே இருந்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் இரைச்சல் அடங்கி, டயர்களின் சீரான உறுமலும், கண்ணாடி இடுக்கில் காற்று விசிலடிப்பதும், பிற்பகல் வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும் மட்டும் எஞ்சிய அந்த வேளையிலும் நடுக்கம் அப்படியே நீடித்தது, ஆகவே எஞ்சினும் காரணமன்று. மீண்டும் கியரைப் போட்டார்.

“வண்டியைப் பார்க்கிறியா, நாடி பிடிக்கிறியா? டாக்டர் கெட்டார் போ!” என்று அக்கா சிரித்தார்.

ஒரு சோதனை மீதமிருந்தது. பிடி தளர்ந்தால் நடுக்கம் கூட வேண்டும். இரு கைகளையும் ஒரு விரற்கடை உயர்த்தினார்.

ஸ்டீயரிங் அசையாமல் நின்றது.

தொட்டார். நடுங்கியது.

சக்கரத்திலிருந்து ஏறி வரும் அதிர்வு ஒரே தாளத்தில் இருக்கும். இது அப்படியன்று. தயங்கியது. இறுகியது. மறுபடி நடுங்கியது. ஸ்டீயரிங் உறைக்கும் அவருடைய உள்ளங்கைக்கும் நடுவே, சில்லென்று, வியர்வை ஈரத்தோடு. பயந்துபோன ஒருவருடைய கைகளைப் போல.

“ஓரமா நிறுத்துறேன்க்கா.”

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். முள் இறங்கவில்லை. பிரேக் கல்லாக நின்றது. இடப்பக்கம் திருப்பினார். திரும்பவில்லை. கைகளை உருவப் பார்த்தார்.

முடியவில்லை.

ஸ்டீயரிங் உறையில், வேறொரு விரல் அழுந்தியதுபோல், ஒரு குழி விழுந்தது. அவர் விரல்களுக்கு இடையே. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மறுகையருகே. எட்டு.

நடுக்கம் நின்றது.

அக்கா முன்னால் எட்டிப் பார்த்தார். “அட, நின்னுடுச்சே! கைராசிக்காரன்டா நீ. இனிமே நிம்மதியாப் போகலாம்.”

மெக்கானிக் இரு கால்களாலும் பிரேக்கை மிதித்தார். அது அசையவில்லை.

நூறு. நூற்றுப் பத்து.

எட்டுக் குழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஆழமாயின.