எழுபது இழை

பற்றுமானி ஒன்பது என்று காட்டியது.

மொரேனிகே தலையில் மாட்டியிருந்த வலைத்தொப்பியைக் கழற்றாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபது வேண்டும். லாகோஸ் விசா நிலையத்தில் அன்று காலை அவளுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் ஒரு பாதிரியாருக்கு முப்பத்தொன்று வந்தது, ஒரு பல் மருத்துவருக்குப் பதினான்கு. ஒன்பது வாங்கியவள் இவள் ஒருத்திதான்.

முன்பெல்லாம் விசா கேட்பவன் திரும்பி வருவான் என்பதற்குக் காகிதம் போதும். மாமாவின் நிலப் பத்திரம், நண்பன் வங்கியில் பத்து நாளைக்குப் போட்டு வைத்த பணம், நடக்கவே போகாத கல்யாணத்தின் அழைப்பிதழ் என்று நைஜீரியர்கள் அந்தக் கலையில் கரை கண்டிருந்தார்கள். பனி விழும் நாடுகளுக்கு ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது. பற்றுமானியைக் கொண்டுவந்து வைத்தார்கள். வலைத்தொப்பியை மாட்டியதும் கண் முன்னால் உங்கள் தெரு வரும், வீட்டு வாசல் வரும், நீங்கள் விட்டுவிட்டுப் போகிறவர்களின் முகமும் குரலும் வரும். உங்கள் மூளை அந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதை இயந்திரம் இழைக் கணக்கில் சொல்லிவிடும். நூறு இழை என்றால் அடுத்த விமானத்திலேயே ஊர் திரும்பிவிடுவீர்கள். எழுபதுக்குக் கீழே என்றால் திரும்ப மாட்டீர்கள், ஆகவே போகவும் முடியாது. அதை யாராலும் ஏமாற்ற முடியவில்லை.

ஆக, நாட்டை விட்டு ஓட வேண்டுமானால் முதலில் நாட்டை நேசித்தாக வேண்டும். இபாடான் நகரத்தில் மட்டும் பதினேழு பற்றுப் பயிற்சி மையங்கள் முளைத்தன. எட்டிம் என்பவர் நடத்திய மையத்தில் மொரேனிகே மூன்று மாதம் படித்தாள். வகுப்பு தேசிய கீதத்தோடு தொடங்கும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நல்ல நினைவுகளைத் தேட வேண்டும். பாதியில் மின்சாரம் போய்விடும். வியர்வையில் நனைந்து எல்லோரும் காத்திருக்க, விசிறி மறுபடி சுழலும் அந்த நொடியில் அறை முழுக்க ஒரு மகிழ்ச்சி பரவும். "இப்ப வந்துச்சே, இந்த உணர்ச்சி, இத அப்படியே பிடிச்சுக்கோங்க" என்பார் எட்டிம்.

மொரேனிகேவால் பிடிக்க முடியவில்லை. அவளுக்கு ஒரே மகள், தெனியோலா, பன்னிரண்டு வயது. கணவன் மகள் பிறந்த மறு வருடமே காய்ச்சலில் போய்விட்டான். சென்ற ஆண்டு மார்ச் மாதம் பள்ளி வேனை நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் மறித்து, பிள்ளைகளைக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். நாற்பத்தொரு நாள். மொரேனிகேவுக்கு அரசு வானொலியில் செய்தி வாசிக்கிற வேலை. "நிலைமை கட்டுக்குள் இருக்கிறது, பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை" என்ற வாக்கியத்தை அந்த நாற்பத்தொரு நாளில் இருபத்தாறு முறை வாசித்தாள். வாசிக்க மாட்டேன் என்று சொன்னால் வேலை போகும், வேலை போனால் மீட்புத் தொகைக்குக் கடன் கொடுக்க ஆள் இருக்காது. குரல் நடுங்காமல் வாசித்தாள். அதற்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

மகள் உயிரோடு வந்தாள், பேச்சு வரவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். இபாடானில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்காத நிமிடம் எது? மொரேனிகேவின் தங்கை சிமிசோலா பனி விழும் நாடு ஒன்றில் செவிலியாக இருந்தாள். வருடத்தில் பாதி நாள் தெருவெல்லாம் பனி, அதில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பைத்தியம் யாரும் இல்லை என்று அவள் சொன்ன நாளிலிருந்து மொரேனிகேவுக்கு வேறு நினைப்பே இல்லை.

"இயந்திரம் பழுதில்ல மேடம்" என்றான் விசா நிலைய ஊழியன். உள்ளூர்ப் பையன்தான், மரியாதை தெரிந்தவன். "நீங்க மகளைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க. அதுக்கப்புறம் உங்களுக்கு இங்க என்ன இருக்கு?"

"நாடு இருக்கு" என்றாள் மொரேனிகே.

அவன் சிரிக்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டான். "வேணும்னா நீங்க மட்டும் தனியாப் போறதா வச்சு அளந்து பாக்கட்டுமா?"

அளந்தான். தொண்ணூற்றாறு.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளைக் காட்டினாள். "அவ மட்டும் போனா?"

பன்னிரண்டு வயது ஆகியிருந்தால் தனியே அளக்கலாம் என்று விதி இருந்தது. வலைத்தொப்பி தெனியோலாவுக்குப் பெரிதாக இருந்ததால் பின்னால் ஒரு கிளிப் போட்டார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை, கேட்கிற வழக்கத்தை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. திரையில் அம்மாவின் முகம் வந்ததும் எண் ஏறிக்கொண்டே போய்த் தொண்ணூற்றேழில் நின்றது.

இரண்டு பேரும் போகலாம், ஒருவரை ஒருவர் விட்டுவிட்டால். மகளை மட்டும் தங்கையிடம் அனுப்புவது என்று மொரேனிகே அந்தப் பெஞ்சிலேயே முடிவு செய்துவிட்டாள். யாரைக் கலந்து பேசுவது? பயணம் கைகூடும் வரை அதை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். சொன்னால் கண் பட்டுவிடும். மகளை விமானம் ஏற்றிவிட்டு வந்தவள் அக்கம்பக்கத்தில், அவளை அபெயோகுட்டா நகரில் பள்ளி விடுதியில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள். பிள்ளையின் பெயரோடு சேர்த்துத் தாயைக் கூப்பிடுவது யோருபாக்களின் பழக்கம். "இயா தெனி, வெங்காயம் வாங்கலயா?" என்று சந்தையில் கேட்கும்போதெல்லாம் தெனி என்ற அந்தப் பாதிப் பெயர் அவளைக் குத்தியது.

மகள் போன பிறகு தானும் பின்னாலேயே போகலாமா என்று ஒரு முறை அளந்து பார்த்தாள். மூன்று இழை வந்தது.

மகளை அங்கே வைத்திருக்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறு அளவை உண்டு. எழுபது இருந்தால் இன்னும் ஆறு மாதம் தங்கலாம். குறைந்தால் அந்த வாரமே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தொண்ணூற்றேழு எங்கே, எழுபது எங்கே என்று மொரேனிகே அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சனிக்கிழமைதோறும் மதியம் மகளோடு போனில் பேசுவாள். வெளிநாட்டில் இருப்பவரிடம் ஊர்த் துக்கத்தைச் சொல்லக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். பெரியப்பா எங்கே என்று கேட்டால் தூங்குகிறார் என்பார்கள். அப்படி இரண்டு மூன்று வருடமாகத் தூங்குகிற பெரியப்பாக்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். மொரேனிகேவுக்கு இது கைவந்த வேலை. "இங்க நல்ல மழை. கரண்ட் ஒழுங்கா வருது. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு. நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்பாள். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

மூன்றாம் மாதம் அந்த மூச்சு, "மம்மி" என்றது. மொரேனிகே போனைக் கீழே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நாலாம் மாதம் முழு வாக்கியங்கள் வந்தன. ஐந்தாம் மாதம் தெனியோலா பனிச்சறுக்குப் பழகுகிறாள், ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறாள். ஆறாம் மாதம் சிமிசோலா வேலைக்கு நடுவில் கூப்பிட்டாள்.

"அக்கா, வர்ற வியாழக்கிழமை அளவை. எதுக்கும் பாத்துக்கலாம்னு இன்னைக்கு இங்க காசு வாங்கிட்டு அளந்து சொல்ற கடை ஒண்ணுல ஒரு தடவ அளந்தேன். அறுபத்தாறு."

"எப்படிடி? தொண்ணூத்தேழு இருந்துச்சே."

"அவ சந்தோஷமா இருக்காக்கா. அதான்."

மொரேனிகேவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, ஒரு நொடிக்கு. அதன் பின்னாலேயே நெடுஞ்சாலை நினைவுக்கு வந்தது. முந்தின வாரம்தான் அதே சாலையில் இன்னொரு வேனை மறித்திருந்தார்கள். நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று அவளே வாசித்திருந்தாள்.

எட்டிமிடம் ஓடினாள். அவர் வகுப்பை நிறுத்திவிட்டு வெளியே வந்து கேட்டார்.

"நான் பெரியவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறவன், இயா தெனி. கொழந்தைக்கு நம்ம தேசிய கீதம்லாம் வேலைக்காகாது. நீங்க அவகிட்ட என்ன பேசறீங்க?"

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றேன்."

"நம்ம ஜனங்க எல்லாரும் செய்யற தப்பு. அம்மா நல்லா இருக்கான்னு தெரிஞ்சா பிள்ள நிம்மதியா இருக்கும். நிம்மதியா இருந்தா இழை அறுந்துபோகும்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இதுக்கு நான் ஃபீஸ் வாங்க மாட்டேன். அவகிட்ட நிஜத்தச் சொல்லுங்க. அது போதும்."

சனிக்கிழமை தெனியோலாவே முந்திக்கொண்டு பேசினாள். சறுக்கும்போது சிநேகிதியின் மேல் மோதி இருவரும் விழுந்தது, எழுந்திருக்கப் பார்த்து மறுபடி விழுந்தது, அதற்குள் சித்தி எடுத்த போட்டோவில் நாலு கால் மட்டும் தெரிந்தது. சொல்ல முடியாமல் சிரித்தாள். மொரேனிகே குறுக்கிடவில்லை, அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். முடிந்த கதையை மறுபடி சொல்லச் சொன்னாள்.

பிறகு சொன்னாள்.

"தெனி, மம்மி உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். நான் நல்லா இல்லம்மா."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"நீ போனதிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஒருத்திக்காகச் சமைக்கப் பிடிக்கல, ரொட்டியத் தின்னுட்டுப் படுத்துக்கறேன். போன மாசம் வீட்டப் பூட்டிட்டு வேலைக்குப் போயிருந்தப்ப யாரோ கதவ உடைச்சிட்டாங்க. போலீஸ்ல சொன்னேன், பெட்ரோல் போட்டுக் கொடுத்தா வந்து பாக்கறோம்னாங்க. கதவுக்கு நாற்காலிய முட்டுக் கொடுத்துட்டு உக்காந்திருக்கேன். உன் பச்சை கவுன் இருக்குல்ல, அதத் தொவைக்கவே இல்ல. எனக்குப் பயமா இருக்கு தெனி."

இதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அவள் வாழ்நாளில் வாசித்த ஒரே உண்மையான செய்தி அதுதான், அதைக் கேட்க ஒரு குழந்தை மட்டும் இருந்தது.

மகள் கேட்டாள். "நான் வந்துடட்டுமா, மம்மி?"

வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் குழந்தைக்கு ஆறுதலாக இருக்கும், அந்த ஆறுதலில் எத்தனை இழை போகுமோ தெரியாது. மொரேனிகே பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமலே போனை வைத்தாள்.

வியாழக்கிழமை தொண்ணூற்று நான்கு வந்தது. மாலைக்குள் கடிதமும் வந்துவிட்டது. தெனியோலா தாய்நாடு திரும்புவாள் என்பது ஐயமின்றி உறுதிப்பட்டிருப்பதால் அவள் மேலும் ஆறு மாதம் இங்கேயே தங்கலாம், வாழ்த்துகள் என்று எழுதியிருந்தது.

அந்தப் பனிநாட்டிலும் சந்தோஷப்பட ஆள் இல்லை. வந்தவர்கள் ஏன் நம்மோடு ஒட்டுவதில்லை, ஏன் எப்போதும் ஊர் நினைப்பாகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த ஊர்ச் செய்தித்தாள்கள் வாரா வாரம் குறைப்பட்டுக்கொண்டன. அந்த நாட்டை நேசிக்கத் தொடங்கிய ஒவ்வொருவரையும் சரியாக அடையாளம் கண்டு விமானம் ஏற்றி அனுப்பியது தங்கள் இயந்திரம்தான் என்பது ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

"அக்கா, அவ சறுக்கப் போறதில்ல. அந்தப் பொண்ணு வந்து கூப்பிட்டாலும் வெளிய வரல. எங்கிட்டயும் பேசறதில்ல" என்றாள் சிமிசோலா. "நாம என்னக்கா பண்ணிட்டோம்?"

அடுத்த சனிக்கிழமை மொரேனிகே தனியாகவே பேசிக்கொண்டிருந்தாள். கதவைச் சரி செய்துவிட்டேன் என்றாள், அது பொய். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றாள். மறுமுனையில் பழையபடி மூச்சு மட்டும் வந்தது. அதைத் தாங்க முடியாமல் அளவை, இழை, எழுபது எல்லாவற்றையும் மகளிடம் உடைத்துச் சொன்னாள். பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் சொல்கிற விஷயமா என்று நினைத்தபடியே சொன்னாள்.

"அதனாலதான் நான் அன்னைக்கு அப்படிப் பேசினேன். இப்ப ஆறு மாசத்துக்குப் பயமில்ல. நீ போய் விளையாடு. சிரி."

தெனியோலா பேசினாள்.

"நான் சந்தோஷமா இருந்தா அனுப்பிடுவாங்க. அப்படித்தானே மம்மி?"

"ஆமாம்மா."

"அப்ப அஞ்சு மாசம் சந்தோஷமா இருக்கேன். அப்புறம் நிறுத்திக்கறேன்."

மொரேனிகே கணக்குப் போட்டாள். ஒரு மாதத்தில் இழை அவ்வளவு ஏறுமா? ஏறாவிட்டால்?

"நாலு மாசம் வச்சுக்கோ" என்றாள்.

"சரி, மம்மி" என்றாள் தெனியோலா.