மிஸ்ஸிங்

ஆறு அடி கேட்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் கேட்டது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் எந்த லாரியும் அப்படித்தான் நொண்டும். ஆனால் இந்த வண்டியில் ஆறாவது அடி விழ வேண்டிய இடம் சும்மா இல்லை. அந்த இடைவெளிக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போலிருந்தது. டாக்டருக்கு அது பிடிக்கவில்லை.

டாக்டர் என்பது லாரிக்காரர்கள் விளையாட்டாக வைத்த பேர். ஆள் மெக்கானிக்தான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். பேர் ஒட்டிக்கொண்டதில் அவனுக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான். தன் காதுக்குத் தப்பிய என்ஜின் இன்னும் பிறக்கவில்லை என்று வாய்விட்டே சொல்வான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் வேலைக்காரர்கள் யாருமில்லை. காலையிலிருந்து விடாமல் பெய்த மழை தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது. சாரல் அடிக்காமலிருக்க ஷட்டரைப் பாதிக்கு இறக்கியிருந்தான். அதனால் பிற்பகலிலேயே உள்ளே அந்தி போல இருட்டிக் கிடந்தது. டீசல் நாற்றம், ஈர இரும்பின் நாற்றம், இரண்டும் அவனுக்குப் பழகியவை. மூன்றாவதாக ஒன்று புகைக்குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தது, ஈரத் தலைமுடியில் சூடு பட்டால் வருமே, அந்த வாடை. எலி ஏதாவது உள்ளே போய்ச் செத்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வண்டியை ஓட்டுவது அவன் தங்கச்சி புருஷன். மாப்பிள்ளை கிளீனராக இருந்து டிரைவராக ஏறியவன். கிளீனர் புத்தி இன்னும் கையை விட்டுப் போகவில்லை. ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போகலாம் என்பது லாரியில் போன எல்லோருக்கும் தெரிந்த பாஷை. மாப்பிள்ளை அதை வீட்டிலும் பேசுவான். சாப்பிட்டு எழுந்தால் மோதிரம் போட்ட விரலால் மேசையில் இரண்டு தட்டு. சோறு போதுமென்றால் ஒரு தட்டு. தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். ரோட்டில் யார் நடந்து போனாலும் வண்டியை ஓரங்கட்டி, "இடம் இருக்கு, ஏறிக்க" என்று கூப்பிடுகிற இளகின மனசு அவனுக்கு. டாக்டருக்கு அந்த இளக்கமே ஆகாது.

வியாழக்கிழமை அவர்கள் இருவருக்கும் முட்டிக்கொண்டது. என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, ஓட்டவே பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளை வந்து நின்றான். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் குறை எதுவும் இல்லை என்று காட்டியது.

"லைட்டு இல்ல மச்சான் அது. அது என்னையே பார்த்துட்டு இருக்கு," என்றான் மாப்பிள்ளை.

டாக்டர் கறுப்பு டேப்பை ஒரு துண்டு கிழித்து, மஞ்சள் விளக்கின் மேல் அழுத்தி ஒட்டினான்.

"இனிமே பார்க்காது. போ."

அதன் பிறகு வாய் தடித்தது. பயந்தாங்கொள்ளி என்று இவன் சொல்ல, தலைக்கனம் பிடித்தவன் என்று அவன் சொல்ல, அவன் கதவை அறைந்துவிட்டுப் போனான். ராத்திரி தங்கச்சி போனில் கெஞ்சினாள். அவர் நிஜமாகவே பயப்படுகிறார், இன்னொரு தடவை பார்த்துக் கொடு என்றாள். டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வண்டி நல்லா இருக்கு, உன் புருஷனுக்கு ஒண்ணுன்னா என்னைக் கேளு என்று வாக்குக் கொடுத்துவிட்டு வைத்தான். அவளுக்கு அண்ணனும் புருஷனும் தவிர வேறு யாருமில்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிறு காலை பட்டறை வாசலில் அந்த லாரி நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் பக்கக் கதவு திறந்து, மழை சீட்டை நனைத்துக்கொண்டிருந்தது. ஆளில்லை. முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் வண்டியைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போய்விட்டான் என்று டாக்டர் பல்லைக் கடித்தான். ஏறி உள்ளே ஓட்டினான். டேப்பைக் காணவில்லை. விளக்கைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கில் நகக்கீறல்கள் இருந்தன, ஆழமாக. மஞ்சள் விளக்கு நிதானமாக எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் லாரி முதலாளி போன் செய்தார். மழையில் பாதி வார்த்தை காதில் விழவில்லை.

"அந்த வண்டி... மிஸ்ஸிங்யா... நீதான் பார்க்கணும்..."

என்ஜின் ஒரு அடியைத் தவறவிட்டால் மெக்கானிக்குகளுக்கு அது மிஸ்ஸிங். இதைப் போன் போட்டு வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்தான் டாக்டர். "தெரியுதுங்க. சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுடுறேன்," என்று வைத்துவிட்டான். அதற்குப் பின்னால் தங்கச்சி கூப்பிட்டாள். பஞ்சாயத்துக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். சத்தத்தைக் குறைத்துப் பெஞ்சில் குப்புறப் போட்டான்.

கேபினை முன்பக்கமாகக் கவிழ்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினான். பெரிய வண்டிகளில் அப்படித்தான். மூக்கை மண்ணில் கவிழ்த்தால்தான் அடியில் இருக்கும் என்ஜின் கைக்கு எட்டும். கவிழ்ந்த கேபின் தரையைப் பார்த்துத் தொங்கியது. கண்ணாடி வழியே மஞ்சள் வெளிச்சம் தரைக்கு வந்து, எண்ணெயும் மழைத் தண்ணீரும் கலந்த இடத்தில் ஒரு தட்டு அளவுக்கு விழுந்து கிடந்தது. அந்தச் சின்ன விளக்குக்கு அவ்வளவு வெளிச்சம் ஏது என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு வேலையைப் பார்த்தான்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்றுதான். ஓடுகிற என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் ஒயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றியதும் சத்தம் இன்னும் கெட்டால் அது நல்ல சிலிண்டர். மாறவே இல்லையென்றால் அதுதான் செத்தது. முதலாவதைக் கழற்றினான், என்ஜின் குலுங்கியது. மாட்டினான். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாமே குலுங்கின. ஆறாவதின் ஒயரில் விரல் வைத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது, என்ஜின் சூடு போல அல்ல, ஜுரக்காரனின் மணிக்கட்டுப் போல. கழற்றினான். சத்தம் மாறவில்லை.

இதுதான் என்று வெற்றியோடு ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஆறாவதின் மேல் ஊன்றிக் காதைக் கொடுத்தான். மழைச் சத்தம் விலகியது, தகரம் விலகியது, ஐந்து சிலிண்டர்களின் இரைச்சல் சுவருக்கு அப்பால் போவது போலத் தள்ளிப் போனது, இடைவெளி வந்தது, அந்த இடைவெளிக்குள் மெல்லியதாக, கூர்மையாக, இரும்பில் ஏதோ சின்ன உலோகம் படுவது போல ஒரு சத்தம்.

டக்.

ஐந்து அடி. மறுபடி ஒரு டக். ஐந்து அடி. டக்.

வால்வு தட்டுகிறது என்று நினைத்தான். ஆனால் வால்வு ஒரே கணக்கில் தட்டும். இது சில சமயம் அவசரமாக வந்தது, சில சமயம் களைத்துப்போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்று. அவன் முதுகில் வேர்வை இறங்கியது. மழைக்குளிரில் எதற்கு வேர்க்கிறது என்று எரிச்சல்பட்டான். தட்டல் பிடிபடவில்லையென்றால் என்ஜின் பக்கத்து லீவரால் ஆக்ஸிலேட்டரை ஏற்றிப் பார்ப்பதுதான் முறை. ஏற்றினான்.

தட்டல் கூடியது. ஒன்று. ஒன்று. ஒன்று. இன்னும் ஏற்றினான். பட்டறை அதிர்ந்தது, பெஞ்சில் ஸ்பானர்கள் ஊர்ந்தன, முடி கருகும் வாடை தொண்டைக்குள் இறங்கியது. தரையில் மஞ்சள் வெளிச்சம் துடித்தது. பிடிவாதத்தில் என்ஜினுக்கும் அவனுக்கும் யார் பெரியவர் என்று பார்த்துவிடுகிற வெறி அவனுக்கு. கடைசி வரைக்கும் ஏற்றினான். தட்டல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, பதறி, ஏதோ ஒரு இடத்தில் நின்றது.

நின்றதும் ஆறு அடி கேட்டது.

மெல்ல இறக்கினான். ஆறும் கேட்டன. இத்தனைக்கும் ஆறாவதின் ஒயர் கழன்று அவன் கையில்தான் தொங்கியது. அதைப் பார்த்தான். பார்த்தும் பார்க்காதது போல மாட்டினான். புது வண்டி மாதிரி ஓடியது என்ஜின். தரையில் மஞ்சள் இல்லை.

"வழிக்கு வந்துட்டியா," என்றான்.

பெஞ்சில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. முதலாளி.

"கண்டுபிடிச்சியா?"

"மிஸ்ஸிங் போயிடுச்சுங்க. ஆறும் அடிக்குது."

முதலாளி கத்தினார்.

"என்னய்யா உளர்ற? உன் மாப்பிள்ளை மிஸ்ஸிங்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை லோடு ஏத்திட்டுப் போன ஆளு, போன் இல்ல, சரக்கும் போய்ச் சேரல. சொந்தக்காரன் ஆச்சே, தேடிப் பாருன்னு சொன்னா... இரு. வண்டி உன்கிட்டயா இருக்கு?"

போன் கையிலிருந்து நழுவியது. திறந்து கிடந்த கதவு. நகக்கீறல். மோதிரம்.

ஒரு தட்டு என்றால் நிறுத்து.

என்ஜின் பக்கத்திலிருந்த நிறுத்தும் பொத்தானைக் குத்தினான். என்ஜின் அடங்கியது. மழை மட்டும்.

"மாப்ள," என்றான். "மாப்ள."

ஒன்றுமில்லை. சூடான இரும்பு ஆறுகிற சத்தம். ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். முனை ஆறாவதின் மேல் நிற்காமல் வழுக்கியது. காதில் வைத்துக் கேட்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. தன் காதைப் பற்றி அத்தனை பீற்றிக்கொண்டவன், அதை இப்போது இரண்டு கையாலும் பொத்திக்கொள்ள விரும்பினான்.

ஷட்டருக்குக் கீழே குனிந்து தங்கச்சி வந்தாள். முழுக்க நனைந்திருந்தாள். செருப்பில்லை. ஓடிவந்த வேகத்தில் எங்கேயோ விட்டிருக்கிறாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டேன். ஏண்ணா எடுக்கல?" என்றாள். பிறகு லாரியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "வண்டி இங்கதான் இருக்கா? அப்போ அவரு?"

அவன் வாயைத் திறந்தான். உன் புருஷனுக்கு ஒன்றென்றால் என்னைக் கேள் என்று சொன்ன வாய். அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

அவள் அவன் கையைப் பார்த்தாள். ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டாள். சின்ன வயசில் அவனே அவளுக்குக் கற்றுக்கொடுத்த விளையாட்டு அது, தையல் மிஷினிலும் தண்ணீர் மோட்டாரிலும் வைத்துக் கேட்டுச் சிரிப்பாள். நேராகப் போய், யாரும் காட்டாமலே, ஆறாவதின் மேல் ஊன்றிக் காதை வைத்தாள்.

"வேண்டாம்மா. வந்துடு."

"உஷ்."

அவள் கண்ணை மூடினாள். நெற்றியில் இருந்த சுருக்கம் ஒவ்வொன்றாக விலகியது. உதட்டில் சிரிப்பு வந்தது.

"இருக்காருண்ணா," என்றாள். "பேசுறாரு."

அவன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. தூண் போல நின்றாள். ஈரப் புடவையிலிருந்து ஆவி பறந்தது. தரையில் மஞ்சள் வெளிச்சம் வந்துவிட்டது. தட்டு அளவு இல்லை இப்போது. மெல்லப் பரந்து அவளுடைய வெறும் பாதங்களை மூடியது.

"என்ன சொல்றான்?" யாரோ கேட்டார்கள். கேட்டது அவன்தான்.

"இடம் இருக்காம்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "ஏறிக்கச் சொல்றாரு."

வளையல் போட்ட கையைத் தூக்கினாள். அவன் அந்தக் கையைப் பிடிக்கப் பாய்ந்தான். பிடிபடவில்லை. என்ஜின் மூடியின் மேல், விரல் முட்டியால், அவள் புருஷன் மேசையில் தட்டுவது போலவே தட்டினாள்.

இரண்டு தட்டு.

யாரும் தொடாமல் என்ஜின் ஓட ஆரம்பித்தது. ஐந்து அடி கேட்டது. ஆறாவதின் இடம் அவளுக்காகக் காலியாக இருந்தது.