நெற்றியில் எழுதிய எண்

மூவாயிரம் வருஷத்துப் பேய் ஒன்று என்னைக் குளிப்பாட்டி, பல்லிடுக்கெல்லாம் குச்சி விட்டுச் சுத்தம் செய்திருக்கிறது. சேலம் ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்களில் இந்தப் பாக்கியம் எனக்கு மட்டும்தான். சந்தேகப்படுகிறவர்கள் என் நாக்கைப் பார்க்கலாம். இன்னும் கறுப்புதான்.

கரடியூருக்கு மேலே பாறைச் சரிவில் அகழாய்வு தொடங்கியபோது, தன்னார்வலர்கள் வேண்டும் என்றார்கள். நானும் என் சம்பந்தி ஜேசுதாஸும் போய்ச் சேர்ந்தோம். அவர் ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியார். நான் காலை வணக்கம் சொன்னாலே ஆதாரம் கேட்பவர்.

பலகைக் கற்களை நாலு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடிய பழங்காலக் கல்லறை அது. மூடியை நகர்த்தியதும் ஈரச் சாம்பல் வாடை வந்தது. ஏற்காடு முழுவதும் தும்மியது. உள்ளே ஒரு மண்டையோடு.

எங்களுக்குக் கொடுத்த வேலை சுலபம். எடுத்ததைக் கழுவ வேண்டும், பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், நிழலில் உலர்த்தி மையால் எண் எழுத வேண்டும். மை காய்ந்ததும் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டிவிட வேண்டும்.

"கண்ணுக்குத் தெரியாம அடிப்பக்கத்துல எழுதுங்க சார்" என்றுதான் பொறுப்பாளர் மேனகா சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் சம்பந்தியின் கை ஆயுள் முழுக்க விடைத்தாள் திருத்திய கை. மண்டையோட்டின் நெற்றியில், வலது மேல் மூலையில், முத்து முத்தாக எழுதிவிட்டார்.

மண் சலித்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, செத்தவங்க நெத்தியில போயி எழுதலாமுங்களா? அழிச்சுப்போடுங்க."

"நம்பர்தானுங்க போட்டேன். ஃபெயிலா போட்டேன், கோவிச்சுக்கறதுக்கு?"

மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. எல்லோரும் டீ குடிக்கக் கொட்டகைக்குப் போனார்கள். மை காயட்டும் என்று சம்பந்தி உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

பனிக்குள் எங்கோ சத்தம் கேட்டது. சரக்... சரக்...

பிரஷ் தேய்க்கும் சத்தம்.

என் கையில் பிரஷ் இல்லை. அவர் கையிலும் இல்லை.

பிடரியில் ஐஸ் தண்ணீர் விழுந்தது. கைகால் கட்டையாகிவிட்டது. ஏதோ ஒன்று என்னைச் சாக்கின் மேல் மல்லாக்கக் கிடத்தி, காதுமடல் முதல் கால்விரல் வரை அவசரமே இல்லாமல் தேய்த்தது. வாயைத் திறந்து குச்சியை விட்டுக் குடைந்தது. என் மனைவிகூட என்னை இத்தனை அக்கறையாகக் கவனித்ததில்லை.

"சம்பந்தி..." என்று கிசுகிசுத்தேன். "உங்க பல்லையும் குடையுதுங்களா?"

"பேசாதீங்க. என் நெத்தியில எழுதுது."

பேனா முள் கீறும் சத்தம் எனக்கே கேட்டது.

அடுத்து எங்களை இழுத்துப் போய்க் கல்லறைக்குள் வரிசையாகப் படுக்க வைத்தது. எங்களுக்கு முன்பே மண்டையோடு வந்து தன் இடத்தில் கிடந்தது. மண் சரிந்தது. சம்பந்தியின் மூச்சு திணறியது. தலைக்கு மேலே மூடிக்கல் நகர்ந்தது.

வெளிச்சம் ஒரு கீற்றாகச் சுருங்கியது.

என் உடம்பில் அசைந்தது நாக்கு ஒன்றுதான். முப்பது வருஷம் டிக்கெட் டிக்கெட் என்று கத்திப் பழகிய நாக்கு. அதை நீட்டி, பக்கத்தில் கிடந்த மண்டையோட்டின் நெற்றியை நக்கினேன். காயாத மை, எண்ணோடு என் வாய்க்குள் வந்தது.

கல் நின்றுவிட்டது.

மேனகா வந்து பார்த்தபோது நாங்கள் முகமெல்லாம் சேறாக, சொட்டச் சொட்ட நனைந்து குழிக்குள் கிடந்தோம். பனியில் வழுக்கி விழுந்துவிட்டோம் என்றாள். சம்பந்தியும் அதையே பிடித்துக்கொண்டார். மண்டையோட்டுக்கு அடிப்பக்கத்தில் வேறு எண் எழுதிப் பெட்டியில் வைத்து மலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு நான் இந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் அவர், "அளக்காதீங்க சம்பந்தி, நாவப்பழம் தின்னுட்டு நாக்க நீட்டறீங்க" என்பார். ஆனால் அன்று மாட்டிய குரங்குக் குல்லாய் மட்டும் தலையை விட்டு இறங்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேத்திக்கு ஞானஸ்நானம். கோயிலுக்குள் என்ன குல்லாய் என்று நானே பிடித்து உருவினேன்.

நெற்றியில், வலது மேல் மூலையில், முத்து முத்தாக அதே எண். அவருடைய கையெழுத்தேதான்.

என்னைக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"வழுக்கி விழுந்த தழும்புங்களா?" என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நடந்ததுதானுங்க சம்பந்தி. நீங்க சொன்ன அத்தனையும் நடந்ததுதான். சோப்பு, மண்ணெண்ணெய், தேங்காநாரு, எதுக்கும் போகலீங்க. ஆனா மை மட்டும் ஈரமாவே இருந்துச்சு. காயாததைப் பையில போட்டுக் கட்டாதுங்களே, அதுதான் எனக்குத் தைரியம்."

என் விரலைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தார்.

"இன்னைக்குக் காலையில காஞ்சுருச்சுங்க."