மூன்றாவது கோடு

வாளின் பிடியைக் கழற்றியதும் உகாய் முதலில் கவனித்தது துருவைத்தான். முந்நூறு வருடத் துரு என்றால் கறுத்துக் காய்ந்து, விரலில் ஒட்டாமல் இருக்க வேண்டும். இது ஈரமாக இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். இரும்பு வாசனைக்கு அடியில், மீன் கடை மூடும் நேரத்தில் கழுவிவிட்ட தரையிலிருந்து எழும் வாசனை ஒன்றும் இருந்தது. மழைக்காலம், பூட்டிக் கிடந்த அறை, எண்ணெய் போடத் தெரியாத ஜனங்கள் என்று உடனே முடிவு கட்டினார்.

முடிவு கட்டுவதுதான் அவர் தொழில். முப்பது வருடமாக வாள்களைப் பார்த்து, பிடிக்குள் மறையும் அடியிரும்பில் பொறித்திருக்கும் கொல்லன் பெயர் அசலா போலியா என்று மர உறையின்மேல் தன் கையாலேயே மையில் எழுதிக் கொடுக்கிறார். கனாசாவா நகரில் அந்த எழுத்துக்கு அப்பீல் கிடையாது. வாளைத் தொடுமுன் தலைவணங்குவது எல்லோருக்கும் வழக்கம். எச்சில் தெறிக்கும் என்று உருவிய வாளுக்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. உகாய் நல்ல வாளுக்கு மட்டும்தான் வணங்குவார். குப்பைக்கு எதற்குக் கும்பிடு என்று சக மதிப்பீட்டாளர்களிடமே கேட்பார். இன்றும் வணங்கவில்லை.

நிஷிவாகி வீட்டு அம்மாள் அறைக்குள்ளேயே வரவில்லை. நடையில், கதவுச் சட்டத்துக்கு அப்பால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கணவன் போய் நாற்பத்தொன்பதாம் நாள் பூஜைகூட ஆகவில்லை. அதற்குள் மதிப்புப் பார்க்க ஆள் கூப்பிட்டுவிட்டாள் என்று உகாய் மனதுக்குள் இளித்தார்.

இரும்பின் ஒரு பக்கம் கொல்லனின் பெயர். மறுபக்கம் தங்கத்தில் பதித்த வெட்டுக் கணக்கு. அந்தக் காலத்தில் தலை போன குற்றவாளிகளின் உடல்களை அடுக்கி வாளைச் சோதிப்பார்கள். ஒரே வீச்சில் எத்தனை இடுப்பு துண்டானது என்று பொறித்து வைப்பார்கள். ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு. இங்கே இரண்டு கோடுகள். கீழ்க்கோடு நேற்றுப் பதித்தது போல மின்னியது.

வாளுக்கு மேலேயே சிரித்தார். எச்சில் தெறித்தது.

“ஏமாந்திருக்கீங்கம்மா. பேரும் போலி, கணக்கும் போலி.”

அவள் மடித்த தாள் ஒன்றைச் சட்டத்துக்கு இந்தப் பக்கம் தள்ளினாள். கணவன் இறந்த அன்று காலையில் இதே பொறிப்பின்மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுத்த மைப்படி. அதில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது.

“அவரும் போலின்னுதான் சிரிச்சார், ஐயா. பேரை அராவி எடுத்துடப் போறேன்னார். சாயங்காலம் இந்த அறையிலதான் கிடந்தார். இதயம்னு சொல்லிட்டாங்க. ஆனா உடம்பைக் கழுவும்போது நான் பார்த்தேன். இடுப்பைச் சுத்தி நூல் கட்டின மாதிரி ஒரு கோடு.”

உகாய் கொட்டாவி விட்டார்.

“அசல்னு எழுதிடுங்க. இல்லைன்னா எதுவும் எழுதாம எழுந்து போயிடுங்க. உங்க உயிருக்காகத்தான் சொல்றேன்.”

பேய்க் கதை சேர்த்தால் சரக்கு மதிப்பு ஏறும் என்று நினைக்கும் பேர்வழிகள் அவருக்குப் புதிதல்ல. கதை ஜோடிக்கவும் ஒரு திறமை வேண்டாமா? அவள் பார்க்கப் பார்க்கத் தூரிகையை நனைத்து, உறையின்மேல் வழக்கத்தைவிடப் பெரிதாக ‘போலி’ என்று எழுதினார். அவள் எழுந்து நடையோடு போய்விட்டாள். போகட்டும்.

தன் ஏட்டுக்கென்று ஒரு மைப்படி எடுப்பது அவர் பழக்கம். மனிதன் பொய் சொல்வான், மைப்படி பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவர். மெல்லிய தாளை இரும்பின்மேல் போர்த்தி, மைக்கட்டியால் தேய்க்கத் தொடங்கினார். வெளியே ஓட்டில் மழை, உள்ளே தாளில் கட்டி உரசும் சரசரப்பு. கறுப்புக்கு நடுவே முதல் கோடு வெள்ளையாக எழுந்தது. அதன் கீழே இரண்டாவது.

அதற்கும் கீழே மூன்றாவது.

தாளைத் தூக்கினார். இரும்பில் இரண்டு. தாளில் மூன்று. விரலால் தடவினார். வெறும் இரும்பு. வழவழப்பு. ஈரம்.

மழை ஓய்ந்திருந்தது. சரசரப்பு ஓயவில்லை. அவர் கை சும்மாத்தான் இருந்தது.

மீன் வாசனை இப்போது பாயிலிருந்து வந்தது. இடுப்பில் ஏதோ ஜில்லென்று சுற்றியது. நூல் அளவு.

உறையை இழுத்துச் சட்டைக் கையால் எழுத்தைத் தேய்த்தார். எச்சில் துப்பித் தேய்த்தார். மை மரத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது. அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தார். வீட்டில் யாருமில்லை. பயந்தார். முப்பது வருடத்தில் முதல்முறையாக, வெட்கமில்லாமல், குழந்தை போலப் பயந்தார்.

வாள் எதிரே கிடந்தது. காத்திருந்தது.

இரண்டு கைகளையும் பாயில் ஊன்றினார். வணங்கினார். நெற்றி பாயைத் தொட்டது.

தொட்ட பிறகும் அவர் நகர்ந்துகொண்டே இருந்தார். முன்னால், சத்தமில்லாமல், வாள் வரைக்கும். வலி இல்லை. கன்னம் இரும்பருகே போய் நின்றது. கண்ணுக்கு நேரே மூன்றாவது கோட்டில் தங்கம் மெல்ல ஊறி நிறைந்தது. தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

அவருடைய முழங்கால்கள், தூரத்தில், இருக்கை மெத்தைமேல் மரியாதையாக மண்டியிட்டபடியே இருந்தன.