கம்ப்யூட்டர் கணக்கில் பிறக்காதவள்

கேள்வி கேட்டே குத்துவதால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். வைத்தவள் அக்கா.

அன்று அக்கா கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். அந்த வீட்டில் இதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வீட்டில் இருந்ததும் பட்டன் போன்தான். அதனால் இருவரும் தெருமுனை கம்ப்யூட்டர் கடைக்கு வந்திருந்தார்கள்.

கல்லூரியின் இணையதளத்தைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. 'இந்தத் தளத்தின் சான்றிதழ் செல்லாது' என்றது.

"அண்ணா, இது என்னமோ சொல்லுது" என்றாள் அக்கா.

கடைக்காரர் நிமிரவே இல்லை. "இந்த வாரம் பூரா அப்படித்தான்மா கத்துது. கீழ 'பரவாயில்லை, தொடர்க'ன்னு இருக்கும். அமுக்கிட்டுப் போயிட்டே இரு."

அக்காவின் கை மௌஸுக்குப் போனது. குண்டூசி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி! நேரமாகுது."

"நான்தான் கல்லூரின்னு எந்தத் திருடன் வேணா ஒரு பக்கம் போடலாம்க்கா. ஸ்கூல்ல பதிஞ்சப்போ வாங்கின பாஸ்வேர்டை யார் கையில குடுக்கறன்னு தெரிய வேணாமா? அதுக்குத்தான் சான்றிதழ். ஸ்கூல் வாட்ச்மேன் அடையாள அட்டை பாப்பாரே, அந்த மாதிரி."

"அட்டையை எவன் வேணா அடிச்சுக்கலாமே?"

"அதான் வெளிய ஒரு அமைப்பு விசாரிச்சுட்டுக் கையெழுத்துப் போடும். அந்தக் கையெழுத்து பிரவுசருக்குத் தெரியும்."

"சரிங்க மேடம். செல்லாதுங்குதே, அப்போ கல்லூரியே போலியா?"

குண்டூசி மௌஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். 'விவரம்' என்று இருந்த இடத்தை அமுக்கினாள். கல்லூரியின் முகவரி, ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. கையெழுத்தும் இருந்தது. இந்த வருடம் தொடங்கி அடுத்த வருடம் வரை செல்லும் என்றும் போட்டிருந்தது. பிறகு எதற்கு இந்தக் கூச்சல்?

திரையின் ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"அண்ணா, உங்க கம்ப்யூட்டர் கணக்குப்படி நான் இன்னும் பிறக்கவே இல்ல!"

இப்போது கடைக்காரர் நிமிர்ந்தார். "உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும். செத்துப்போச்சு போல. கரண்ட் போனா தேதியை மறந்துடுது. அதுக்கும் இதுக்கும் என்ன பாப்பா சம்பந்தம்?"

"அடுத்த வருஷத்து பஸ் பாஸை இன்னைக்குக் காட்டினா கண்டக்டர் விடுவாரா? இது பழைய வருஷத்துல உக்காந்துகிட்டு, சான்றிதழுக்கு இன்னும் நாள் வரலைங்குது."

கடைக்காரர் எழுந்து வந்து தேதியைத் திருத்தினார். பக்கத்தை மறுபடி திறந்தார்கள். சிவப்பு இல்லை.

"வந்தவங்களை எல்லாம் அமுக்கு அமுக்குன்னேனே" என்று முனகினார் அவர்.

"இனிமே சொல்லாதீங்க" என்றாள் குண்டூசி.

அக்கா மேலே இருந்த முகவரியைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தாள். அப்புறம்தான் பாஸ்வேர்டை அடித்தாள். பதற்றத்தில் முதல்முறை தப்பு. இரண்டாம் முறை உள்ளே விட்டது.

கொஞ்ச நேரத்தில், விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று திரை சொன்னது. அதன் கீழே ஒரு பெயர்.

"போலாமாக்கா?"

அக்கா எழுந்திருக்கவில்லை. அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக இன்னொரு முறை படித்தாள்.

அவளுடையதுதான்.